60 டிகிரி என்றார்கள், 43 வந்தது: ஊட்டியில் ஒரு சோலார் ஹீட்டர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் ஏறி இரண்டு பனிக்காலம் போய்விட்டது. பக்கத்து வீட்டில் தொடங்கி பள்ளிச் சத்துணவு அக்கா வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், நம்ம ஊருக்கு இது ஆகுமா?" ஆகும். ஆனால் கடைக்காரர் சொன்ன விதத்தில் ஆகாது. அந்த வித்தியாசத்தை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது 150 லிட்டர் டேங்க், 15 கண்ணாடிக் குழாய் உள்ள டியூப் வகை. கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் வாங்கி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, குழாய் வேலை எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆனது. வீட்டில் நாங்கள் நாலு பேர்: நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகன், அத்தை. வீடு ஊட்டியின் காந்தல் பகுதியில், சரிவின் அடிப்பள்ளத்தில் இருக்கிறது. இது முக்கியம், பின்னால் வருகிறேன். பிராண்டு பெயர் எழுதப்போவதில்லை. நான் பார்த்த நாலைந்து கடைகளிலும் குழாயின் நீளம், குறுக்களவு, கறுப்புப் பூச்சு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. டேங்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்தான் வேறு. எனவே இதை ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த வகையைப் பற்றியது.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது விறகு போடும் தகர பாய்லர். கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகோ சீகை விறகோ போட்டால் அரை மணியில் கொதிக்கும். குறை என்றால் புகைதான், அத்தைக்கு இருமல். அடுத்து 15 லிட்டர் கெய்சர் வைத்தோம். நாலு பேர் குளித்து முடிப்பதற்குள் மூன்று தடவை போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருபவர் அட்டையைக் கையில் தரும்போது என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்ப்பார் என்றுகூட எனக்குத் தோன்றும்.

சோலாரின் உள்விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மெச்சுவது அதைத்தான். ஒவ்வொரு டியூபும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருக்கிறார்கள். உள்குழாயின் வெளிப்புறத்தில் கறுப்புப் பூச்சு. 1892இல் ஜேம்ஸ் டியூவர் செய்த வெற்றிடக் குடுவையை, அதாவது நாம் டீ கொண்டு போகும் பிளாஸ்க்கை, ஆறடிக்கு இழுத்து நீட்டினால் இதுதான். பாடப்புத்தகத்தில் வெப்பம் பரவும் மூன்று வழி என்று படிக்கிறோமே, வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று, அதில் முதல் இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். கதிர்வீச்சுக்கு வேண்டாம். சூரியனிலிருந்து இங்கே வரை ஒன்றுமே இல்லாத இடத்தைக் கடந்துதானே வெயில் வருகிறது? அதனால் வெயில் வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. உள்ளே சூடான தண்ணீரின் வெப்பத்துக்குத் திரும்பி வர வழி குறுகிவிடுகிறது, கறுப்புப் பூச்சும் கதிர்வீச்சாக அதிகம் வெளியே விடாத வகைதான்.

மாட்டிய முதல் ஞாயிறு, உச்சி வெயிலில் டியூபைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டேன். பயந்து விரல் நுனியால் தொட்டான். வெதுவெதுப்புக்கூட இல்லை. "வேலையே செய்யலம்மா" என்றான். கீழே போய்க் குழாயைத் திறந்தவன் கையை உதறிக்கொண்டு வந்தான். வெளிக்கண்ணாடி குளிர்ந்து இருப்பதுதான் அது நன்றாக வேலை செய்வதற்கு அடையாளம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஜனவரிக் காலையில் எனக்கு அது உதவியது.

பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. டியூபில் சூடாகும் தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்த தண்ணீர் அதன் அடியால் டியூபுக்குள் இறங்கும். வெப்பச் சலனம் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறோமே, அதே சுற்றுதான். கரன்ட் போனாலும் நிற்காது. மழைக்காற்றில் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரன்ட் இல்லாமல் இருந்து பழகிய ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாட்ட வந்தவர்களோடு ஒரு சின்னத் தகராறு. படி ஏறும் இடத்துக்கு வசதி என்று ஸ்டாண்டை மேற்குப் பார்த்து வைத்துவிட்டார்கள். தெற்குப் பார்த்துத் திருப்பச் சொன்னேன். "மலை மேல எங்க வெச்சாலும் வெயில் அடிக்கும் மேடம்" என்றார் ஒருவர். முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் வேலை செய்கிறது. அதற்கு ஏன் ஊட்டி மலையைப் பிடித்தார்கள்? ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவு முத்தோரையில் கிடைத்தது. அந்தச் சரிவில் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அப்புறம் ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். நம் சோலார் ஸ்டாண்டைத் தெற்குப் பார்த்துச் சாய்ப்பதும் அதே கணக்குதான், நம்முடையது திரும்பாது என்பதைத் தவிர. டிசம்பரில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலிருந்து 35 டிகிரி தெற்கே சரிந்து நிற்கும். நமக்கு வெந்நீர் அதிகம் வேண்டியதும் அப்போதுதான். ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே போய்விடும், போகட்டும், அப்போது மேகம்தான் இருக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "டீச்சரா நீங்க?" என்று கேட்டார். திருப்பி வைத்தார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கடையில் தந்த தாளில் பெரிய எழுத்தில் "60 டிகிரி வெந்நீர்" என்று போட்டிருந்தது. டிசம்பரில் மேகமே இல்லாத ஒரு நாளாகப் பார்த்து சோதித்தேன். பள்ளி ஆய்வக வெப்பமானியை எடுத்து வந்து, முதலில் அதையே சோதித்தோம். ஐஸ் போட்ட தண்ணீரில் 0 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 93ஐத் தாண்டவில்லை. மகன் உடனே வெப்பமானி பழுது என்றான். வெப்பமானி சரிதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்துக்கு எழுதிய 100ஐ ஊட்டிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். வீட்டில் பருப்பு வேகவில்லை என்று குக்கரில் இரண்டு விசில் கூட வைப்பது அதனால்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், அவர்கள் அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

சரி, சோதனை. காலையில் டேங்குக்குள் போகும் தண்ணீர் 13 டிகிரி. மாலை 5 மணிக்கு வெந்நீர்க் குழாயில் 43. மறுநாள் காலை 6 மணிக்கு 38.

கடைக்குப் போன் செய்தேன். "கோயம்புத்தூர்ல எல்லாருக்கும் 60 வருது மேடம், உங்களுக்கு மட்டும் எப்படி வராம போகும்?" என்றார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். 150 லிட்டர், 30 டிகிரி: 4,500 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. ஆக, அந்த ஒரே நாளில் வெயில் எனக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் சும்மா கொடுத்திருக்கிறது. குறைத்துக் கொடுக்கவில்லை. கோவையில் தொட்டித் தண்ணீரே 26, 27 டிகிரியில் இருக்கும். அதே 4,500ஐ அங்கே கொட்டினால் 56, 57க்குப் போய்விடும், கொஞ்சம் நல்ல வெயில் என்றால் 60. எங்கள் தண்ணீர் 13இல் தொடங்குகிறது.

பதினேழு வருடமாக "வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு" என்று எழுதிப்போட்டு அடிக்கோடிட்டு வருகிறேன். 34,000 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் அது எனக்கே உறைத்தது. வெயில் தருவது வெப்பம். கடைத் தாளில் அச்சடித்திருப்பது வெப்பநிலை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஊர்த் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். நாமும் எங்கே தொடங்குகிறோம் என்று கேட்காமல் எங்கே போய் நிற்கும் என்று மட்டும் கேட்டு வாங்கினோம்.

எனவே மலையில் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. லிட்டரைப் பார்க்காதீர்கள், லிட்டருக்கு எத்தனை டியூப் என்று பாருங்கள். 150 லிட்டருக்கு 15 டியூப் என்பது கீழ்நாட்டுக் கணக்கு. அதே 150க்கு 20 டியூப் போட்டால் 4,500 என்பது 6,000 கிலோ கலோரி ஆகும், அதாவது 40 டிகிரி ஏற்றம், 13இலிருந்து 53. டேங்கில் ஓட்டைகளும் ஸ்டாண்டும் அதற்கேற்ப வேண்டும் என்பதால் பிற்பாடு சேர்க்க முடியாது. வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

நாங்கள் வேறு வழியில் சமாளித்தோம். குளியல் நேரத்தை மாற்றினோம். 43 டிகிரி இருப்பது மாலையில். அத்தை நாலரை மணிக்கே குளித்துவிடுகிறார். மகன் விளையாடிவிட்டு வந்ததும் ஐந்தரைக்கு. காலையில் 38 டிகிரித் தண்ணீர் நானும் வீட்டுக்காரரும் வேகமாகக் குளித்து ஓட. இன்னொன்று, மாடியிலிருந்து குளியலறை வரை 12 மீட்டர் குழாய். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் நிற்கும் என்று வைத்தால் நாலு லிட்டர். ராத்திரி முழுக்க அது ஆறிப்போய் நிற்கும். காலையில் முதல் நாலு லிட்டரைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் வெந்நீர். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறோம். குளியலறைக்கு நேர் மேலே டேங்கை வைக்க முடிந்தால் வையுங்கள்.

அடுத்து பனி. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இங்கே அக்டோபர், நவம்பரில் நீர்ப்பனி. அப்புறம் வருவது உறைபனி. பகலில் மேகமில்லாமல் சுள்ளென்று வெயில் அடித்தால் அன்றிரவு உறைபனி என்று வைத்துக்கொள்ளலாம். கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீடு பள்ளத்தில்.

முதல் ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மாடிக்கு ஓடினேன். எங்கும் ஒழுகல் இல்லை. குழாய் அடைப்பு என்று நினைத்து பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பதரைக்கு அத்தையிடமிருந்து போன். மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறதாம். குளிர்ந்த தண்ணீர் டேங்குக்குப் போகும் குழாயின் முட்டு (இணைப்பு) ஒன்று பிளந்திருந்தது.

உடைந்தது ராத்திரியில். தெரிந்தது ஒன்பதரைக்கு. இந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்த பகுதி, பில் கட்டியது போக. 13 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் 0 வரை குளிர 13 கலோரியை விட்டுக்கொடுத்தால் போதும். ஆனால் 0 டிகிரித் தண்ணீர் 0 டிகிரி ஐஸ் ஆக இன்னும் 80 கலோரியை விட்டாக வேண்டும். வெப்பமானியில் ஒரு கோடுகூட நகராது, ஆனால் முன்னதைவிட ஆறு மடங்கு வெப்பம் போயிருக்கும். உள்ளுறை வெப்பம். ஜோசப் பிளாக் 1760களில் கிளாஸ்கோவில் கண்டு சொன்னது. அதனால் குழாய் சாயங்காலமே உறையாது, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விடியற்காலையில்தான் கட்டியாகும். கட்டியாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். குழாய்க்கு அவ்வளவு இடம் கிடையாது, முட்டில் பிளந்துகொள்ளும். பிளந்த இடத்தை அந்த ஐஸே அடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் வந்து அதே 80 கலோரியைத் திருப்பிக் கொடுத்து உருக்கும் வரை ஒரு சொட்டு ஒழுகாது. நான் ஆறு மணிக்குப் பார்த்தது உடைந்து முடிந்த குழாயைத்தான்.

பிளம்பர் தம்பி பதினொன்றரைக்கு வந்தார். பிளந்த முட்டுக்குப் பதில் புதியது போட்டார். அதற்குள் டேங்க் பாதி காலி, வேலைக்காகக் கழற்றி மாட்டிய டியூபும் காலி, உச்சி வெயில் வேறு. "தண்ணி திறந்து விடறேன்க்கா" என்று வால்வைத் திறந்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, படார் என்று ஒரு டியூப். வெறும் டியூப் வெயிலில் காய்ந்து கொதிநிலைக்கு மேல் போயிருக்கும், அதில் 13 டிகிரித் தண்ணீர். போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்குதான் விரிந்து சுருங்கும், அதனால்தான் சோதனைக் குழாய்க்கும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. காலியான டியூபில் தண்ணீர் விடுவதாக இருந்தால் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோதான் விட வேண்டும். அல்லது மேலே சாக்கு போட்டு மூடி, ஆறவிட்டு விட வேண்டும். இதை மாட்டியவர்கள் என்னிடம் சொல்லவில்லை. பிளம்பர் தம்பிக்கும் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லி என்ன? எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. கண்ணாடி உடைந்தால் வாரன்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். டியூப் 750 ரூபாய், கொண்டு வர வண்டிக்கு அதைவிட அதிகம்.

குழாயைக் காப்பாற்றும் வழியைச் சொன்னது எந்தக் கடைக்காரரும் இல்லை, எங்கள் தெருவில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். "செடிய மூடற மாதிரி மூடு டீச்சர். குளிரு பக்கத்துல இருந்து வரல, மேல இருந்து வருது" என்றார். குளிர் வருவதில்லை, வெப்பம்தான் போகிறது என்று திருத்த வாயெடுத்தேன், நல்லவேளை அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேகமில்லாத இரவில் தரையும் குழாயும் செடியும் தங்கள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இல்லாவிட்டால் போனது போனதுதான். அதனால் சுற்றியுள்ள காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே புல் நுனி 0க்குக் கீழே போய்விடும். அலகாபாத் பக்கம் ஐஸ் பெட்டி இல்லாத காலத்திலேயே இப்படி ஐஸ் எடுத்திருக்கிறார்கள். பள்ளம் தோண்டி, கரும்புத் தட்டையும் சோளத் தட்டையும் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிவதற்குள் ஐஸாக அள்ளினார்கள். ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். கீழே தட்டையைப் போட்டது தரையின் சூடு ஏறாமல் இருக்க, மேலே திறந்து வைத்தது வானம் இழுத்துக்கொள்ள. என் வீட்டு மாடியில் நானும் 34,000 ரூபாய் செலவில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்து வைத்திருந்தேன்.

தேயிலைச் செடிக்குத் தாகை என்ற காட்டுச் செடியை வெட்டிப் போட்டு மூடுகிறார்கள். தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடி. எங்கள் குழாய்க்கு முதலில் கறுப்பு ஃபோம் உறை, அதன் மேல் சாக்கு, அதன் மேல் மழைக்காகப் பிளாஸ்டிக். குளிர்நீர்க் குழாயை மட்டும் அல்ல, டேங்க் மேல் நிற்கும் காற்றுக் குழாயையும் பாருங்கள். அதன் வாயில் ஐஸ் அடைத்துவிட்டால், கீழே தண்ணீர் எடுக்க எடுக்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டேங்கே நசுங்கிவிடலாம். எனக்கு அது நடக்கவில்லை. பனி கடுமையான இரவில் குளியலறையில் வெந்நீர்க் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைப்பேன். அந்த அளவுக்கு 13 டிகிரித் தண்ணீர் குளிர்நீர்க் குழாயில் புதிதாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் பனிக்காலத்தில் ஒரு முட்டுகூட உடையவில்லை.

அந்த இரண்டாம் பனிக்காலத்தில்தான் முன்பு சொன்ன ஜனவரிக் காலை. துணி எடுக்க மாடிக்குப் போனேன். தரை, கம்பி, கொடி, எல்லாம் வெள்ளை. டியூப்களும் வெள்ளை, கண்ணாடி மேல் மாவு தூவியது போல. எண்ணிப் பார்த்தால் 14 வெள்ளை. கடைசியிலிருந்து மூன்றாவது மட்டும் கறுப்பாக, ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. யாரோ துடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பனி படிந்த 14உம் நல்ல டியூப்கள். உள்ளே 38 டிகிரித் தண்ணீர், ஆனால் அதன் வெப்பம் வெளிக்கண்ணாடிக்கு வரவில்லை, அதனால் மேலே ஐஸ் கரையாமல் நிற்கிறது. பனி இல்லாத அந்த ஒன்றுதான் கெட்டுப்போனது. வெற்றிடம் போய் இடையில் காற்று புகுந்திருக்கிறது, உள்ளிருக்கும் வெப்பம் கசிந்து வந்து பனியை உருக்கியிருக்கிறது. ராத்திரி முழுக்க 150 லிட்டரும் அந்த ஒரு ஓட்டை வழியாக ஆறிக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர அடியைப் பார்த்தேன். டியூபின் அடிமுனையில் உள்ளே வெள்ளி போல ஒரு பூச்சு இருக்கும், பேரியம். மிச்சம் மீதிக் காற்றை உறிஞ்சிக்கொள்வதற்காக வைப்பது. காற்று புகுந்துவிட்டால் அது பால் வெள்ளையாகிவிடும். அந்த டியூபில் பால் வெள்ளை. அடிக்காம்பு ஸ்டாண்டில் உரசி விரிசல் விட்டிருந்தது. வெப்பமானி, மீட்டர் எதுவும் வேண்டாம். உறைபனி விழுந்த காலையில் ஒரு தடவை மாடிக்குப் போய் எது வெள்ளை, எது கறுப்பு என்று பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கோவைக்காரர்களுக்குக் கிடைக்காது.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இது மாடியில் சும்மா நிற்கும். மழை, மேகம், மூடுபனி. குழாயில் வருவது 20 டிகிரியைத் தொட்டால் பெரிது. டேங்குக்குள் 2 கிலோவாட் மின் ராடு இருக்கிறதே என்பார்கள். அதைப் போட்டால் ஒரு வாளிக்காக 150 லிட்டரையும் சூடாக்க வேண்டும், 25 டிகிரி ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல், நாலு யூனிட்டுக்கு மேல். நான் அதைத் தொடுவதே இல்லை. கெய்சரைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன், அத்தை தகர பாய்லரை விற்க விடவில்லை. ஆடி மாதத்தில் அவர் சொன்னது சரியாகிவிடும். "சூரியனுக்கு லீவு, நம்ம சீகை விறகுக்கு லீவு உண்டா?" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மலைத் தண்ணீரில் உப்பு குறைவு, இரண்டு வருடத்தில் உள்ளே படிவு இல்லை. குரங்குகள் வந்து உட்கார்ந்து பார்த்தன, டேங்கும் சூடாக இல்லை, டியூபும் சூடாக இல்லை, போய்விட்டன. கரன்ட் கணக்கில் டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் குறைந்தது. மழைக்காலத்தில் ஒன்றும் குறையவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். டியூபுக்கு ஐந்து, கடைத் தாளுக்கு ஒன்று, மாட்டிக் கொடுத்த வேலைக்கு இரண்டு. மேட்டில், வெயில் படும் வீடு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். குந்தா பக்கம் மேகத்திலேயே பாதி வருடம் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். வாடகை வீட்டுக்கும் வேண்டாம், கழற்றிக்கொண்டு போகும்போது பாதி டியூப் மிஞ்சாது.

வெற்றிடம் போன டியூபுக்கு வாரன்டி உண்டு. போட்டோ அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் புதியது அனுப்பிவிட்டார்கள், அதற்கு ஒரு நன்றி. பழையதைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், நான் அனுப்பவில்லை. இப்போது எங்கள் ஆய்வக மூலையில், நல்ல டியூப் ஒன்றின் பக்கத்தில், தலைகீழாகாமல் கட்டி நிறுத்தியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டிலும் வெந்நீர் ஊற்றி, வெளியே ஆளுக்கொரு கை வைத்து, எதில் முதலில் சுடுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.